கேரியர்: கடத்தியா, காவியா, தாங்கியா?

கேரியர் என்றதும் நம் நினைவுக்கு வருவது சைக்கிளின் பின்பக்கக் கம்பி, அல்லது மதியச் சாப்பாடு போகும் அடுக்குப் பாத்திரம். மருத்துவத்தில் அதே சொல் ஒரு மனிதரைக் குறிக்கும். நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பழங்குடிக் குடியிருப்புகளில் ரத்தம் சோதித்த பிறகு சிலரிடம் "நீங்க கேரியர்" என்று சொல்வார்கள். அதற்குமேல் விளக்க நேரம் இல்லாவிட்டால், கேட்டவர் அந்தச் சொல்லோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டியதுதான். எனக்கு நோய் இருக்கிறதா, இல்லையா? பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமா? இந்தப் பயத்தில் பாதியை அந்தச் சொல்லே கிளப்பிவிடுகிறது. அதனால்தான் அதற்கு ஒரு நல்ல தமிழ் வேண்டும் என்கிறேன்.

முதலில் பொருள். நம் மரபணுக்கள் பெரும்பாலும் இரட்டையாக இருக்கின்றன: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. சில நோய்கள் இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வரும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆள் நலமாகவே இருப்பார். அவர்தான் கேரியர்.

நீலகிரியில் இந்தச் சொல் புழங்குவது அரிவாள் செல் சோகையை ஒட்டி. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாளாக வளைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கி, உடம்பெங்கும் கடும் வலியைக் கொடுக்கும். இந்தியாவில் இந்த மரபணுவைப் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று நீலகிரி மலை மக்களைப் பற்றியதுதான்; 1952ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கணவன், மனைவி இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பேறிலும் பிள்ளைக்கு நோய் வர 4ல் 1 வாய்ப்பு. "மூத்தவனுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்று பேருக்கு வராது" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்தக் கணக்கு தவறு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. இன்றைய பிரான்ஸ் பக்கம் வாழ்ந்த பழைய கெல்ட் மக்களிடமிருந்து ரோமானியர் எடுத்துக்கொண்ட சொல் அது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சுமந்துபோ' என்ற வினையானது. நாம் ஓட்டும் காரும் அதே வேரில் முளைத்ததுதான். மருத்துவத்துக்குள் இந்தச் சொல் நுழைந்தபோது மரபு நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தான் நலமாக இருந்துகொண்டே பிறருக்கு டைபாய்டு கிருமியைப் பரப்புகிறவரைத்தான் அப்படிச் சொன்னார்கள். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மல்லன் என்ற பெண்ணை 1907ல் அப்படி அடையாளம் கண்டு, இரண்டு தடவையாக மொத்தம் 26 ஆண்டுகள் தனிமைப்படுத்தி வைத்தார்கள். பிற்பாடுதான் மரபியலார் அதே சொல்லைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். தொற்றின் வாடை அதிலிருந்து இன்னும் போகவில்லை. "ஒட்டுமா?" என்று கேட்கிற தாய் அறியாமையில் கேட்கவில்லை. சொல்லின் பழைய பொருளை அவர் சரியாகவே பிடித்துவிட்டார்.

இந்தச் சொல் ஒரு தாயை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு 1992ல் வந்த 'லொரென்சோஸ் ஆயில்' படத்தைப் பார்க்கலாம். மருத்துவம் படித்த ஜார்ஜ் மில்லர் இயக்கியது, உண்மைக் கதை. ஒடோனி தம்பதியின் மகன் லொரென்சோவுக்கு 1984ல் ஏஎல்டி என்ற அரிய நோய் இருப்பது தெரிகிறது. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் சிதையாமல் சேர்ந்து, மூளை நரம்பின் மேலுறையை அழிக்கும் நோய். மருத்துவர்கள் கைவிரித்த பிறகு, மருத்துவம் படிக்காத அந்தப் பெற்றோர் நூலகத்தில் உட்கார்ந்து உயிர்வேதியியல் படித்து, ஓலியிக், எரூசிக் அமிலங்கள் சேர்ந்த ஒரு எண்ணெயை உருவாக்க வழி தேடுகிறார்கள். அந்த எண்ணெய் ரத்தத்தில் கொழுப்பு அமில அளவைக் குறைத்தது. அழிந்த நரம்புறையைத் திருப்பித் தரவில்லை. லொரென்சோ 2008ல், 30 வயதில் இறந்தார்.

எண்ணெயைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னை உறுத்தியது வேறு. நோய் எக்ஸ் குரோமோசோம் வழியாக, தாயிடமிருந்து மகனுக்கு வந்தது என்று தெரிந்ததும் அந்தத் தாய் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார். மகனுக்கு எக்ஸ் ஒன்றுதான், ஈடுகட்ட இன்னொரு பிரதி இல்லை; அதனால் தாய் கேரியராக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது அறிவியல். அதில் அவர் செய்த தவறு என்று எதுவும் இல்லை. அரிவாள் செல்லில் தாய் வழி மட்டும் என்பதும் கிடையாது. நோயுள்ள பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்திருக்கும். இருந்தாலும் நம் ஊரில் "அவ வீட்டு ரத்தம்" என்று மருமகளைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். விளக்க ஏடுகளில் அதிகம் கண்ணில் படுவது 'நோய் கடத்தி'. கடத்து என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெலுத்து. மின்கடத்தி என்பதில் குறையில்லை. ஆனால் கொசுவுக்கும் இதே பெயர்தான். அதோடு சந்தனக் கடத்தல், ஆள் கடத்தல் என்று செய்தித்தாளில் படித்தே வளர்ந்த மலைக்காரர் காதில் 'நீங்கள் கடத்தி' என்பது எப்படி விழும்? பெற்ற பிள்ளைக்குத் தெரிந்தே எதையோ கொண்டுபோய்ச் சேர்த்தது போலத்தான் விழும். இதை விட்டுவிட வேண்டும்.

இலங்கைத் தமிழில் 'காவி' உண்டு. அழகான பழைய வேர். கா என்றால் தோளில் வைக்கும் தண்டு; காவுதல் அதில் சுமப்பது. அதியமானின் வாயில் காவலனிடம் கோபித்துக் கிளம்பும் ஒளவையார் "காவினெம் கலனே" என்கிறார் (புறநானூறு 206). பழனிக்கு எடுக்கும் காவடியில் இருப்பதும் இந்தக் கா தான். இடும்பன் இரு மலைகளைக் கட்டித் தூக்கியதாகக் கதை சொல்வதும் அதில்தான். யாழ்ப்பாணத்தில் இன்றும் பொருளைக் காவிக்கொண்டு போவார்கள். ஆனால் தமிழ்நாட்டில் காவி என்றால் துணியின் நிறம், காவு என்றால் பலி. மனசில்லாமல்தான் இதையும் தள்ளிவைக்கிறேன். 'சுமப்பவர்' பரவாயில்லை, பேச்சிலும் வரும். சுமை என்ற நினைப்பைத்தான் கூடவே கொண்டுவந்துவிடுகிறது.

எனக்குப் பொருத்தமாகப் படுவது தாங்கி. இது ஏற்கெனவே இதே ஆங்கிலச் சொல்லுக்கு நிற்கிற தமிழ்: விமானந்தாங்கிக் கப்பல். இடிதாங்கி, சுமைதாங்கி என்று ஊர்வழக்கிலும் உண்டு. கர்ப்பிணியாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக வழியோரத்தில் நட்ட கல் அந்தச் சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் இறக்கிவைத்து இளைப்பாறுவதற்கு. தாங்குவதில் குற்றம் இல்லை, வலு இருக்கிறது. அரிவாள் செல்லைப் பொறுத்தவரை அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. மாறிய பிரதி ஒன்று மட்டும் உள்ளவர்களைக் கடும் மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை என்று 1954ல் ஆலிசன் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் காட்டினார். மலேரியா மிகுந்த நாடுகளில் இந்த மரபணு தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்குக் காரணம் அதுதான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாங்கி என்றால் ஒன்றும் ஆகாது என்று பொருளாகிவிடக் கூடாது. ஏஎல்டி மரபணுவைத் தாங்கும் பெண்களில் பலருக்கு நடுவயதுக்குப் பிறகு கால் இறுக்கம், நடையில் தடுமாற்றம் வருகிறது. அவர்களுக்கும் மருத்துவக் கண்காணிப்பு தேவை.

எழுத்தில் 'மரபுத்தாங்கி' என்று வைக்கலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கும். 2023ல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் தரும் அட்டைகளில் இப்படி ஒரு தமிழ்ச்சொல் இருந்தால் நன்றாக இருக்கும். நேரில் பேசும்போது ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் முழு வாக்கியமாகவே சொல்லிவிடலாம்: "அக்கா, உங்களுக்கு நோய் இல்லை. மாறின மரபணு ஒண்ணை உங்க உடம்பு தாங்கி வச்சிருக்கு. அது யாருக்கும் ஒட்டாது. அண்ணனையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, அவருக்கும் பார்த்துடலாம்."