ஓவனில் வெந்தாலும் ஹேசல்நட் ஹேசல்நட்தான்

"பருப்பை நன்றாக வறுத்தேன் டாக்டர். தோலை நீக்கிப் பொடித்தேன். பிறகு மாவோடு சேர்த்து 180 டிகிரியில் வேகவைத்தேன். அதற்கு மேலும் அதில் ஒவ்வாமை எங்கே மிஞ்சியிருக்கப் போகிறது?"

இங்கிலாந்தில் குழந்தைகளுக்கான ஒவ்வாமைப் பிரிவில் பணிபுரிகிறேன். இந்தக் கேள்வியை வெவ்வேறு குரல்களில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கடைசியாகக் கேட்டவர், அண்ணன் மகளின் பிறந்தநாளுக்குத் தன் கையாலேயே கேக் செய்து கொண்டுபோன ஓர் அத்தை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஹேசல்நட் என்ற கொட்டைப்பருப்பின் பொடியில் செய்த கேக், நடுவில் ராஸ்பெரி ஜாம், மேலே கிரீம், அதன்மேல் புத்தம்புது ராஸ்பெரிப் பழங்கள். அந்தச் சிறுமிக்கு ஹேசல்நட் ஆகாது என்பது குடும்பம் முழுவதற்கும் தெரியும். யாரும் எதையும் மறைத்துக் கொடுக்கவில்லை. பச்சையாகச் சாப்பிட்டால்தான் ஆகாது, வெந்தால் ஒன்றும் செய்யாது என்று எல்லோருமே உண்மையாக நம்பினார்கள்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் தொண்டை அரிக்கிறது என்றிருக்கிறாள். தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு வாந்தி. பிறகு விடாத இருமல், குரல் கம்மிப்போனது. விழா நடந்தது ஒரு மண்டபத்தில். கடும் ஒவ்வாமைக்கு அவசரமாகப் போடும் அட்ரினலின் ஊசி இருந்தது வீட்டு அலமாரியில். ஆம்புலன்ஸ் விரைந்து வந்ததால் குழந்தை பிழைத்தாள்.

அந்த அத்தையை நான் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய நம்பிக்கைக்கு அவருடைய உடம்பே காரணம் காட்டியிருக்கிறது. வசந்தகாலம் வந்தால் அவருக்குத் தும்மலும் கண் அரிப்பும் உண்டு. பச்சை ஹேசல்நட்டைக் கடித்தால் நாக்கு நமநமக்கும். ராஸ்பெரிப் பழம் தின்றால் அண்ணம் அரிக்கும். ஆனால் வறுத்த பருப்பு அவருக்கு ஒன்றும் செய்வதில்லை, ராஸ்பெரி ஜாமும் செய்வதில்லை. ஆகவே சூடு பட்டால் ஒவ்வாமை போய்விடும் என்று முடிவுகட்டிவிட்டார். தனக்குச் சரியாக இருந்த கணக்கை அண்ணன் மகளுக்கும் போட்டுவிட்டார். இந்த இடத்தைத்தான் நிறுத்தி நிதானமாக விளக்க வேண்டியிருக்கிறது.

அத்தைக்கு இருப்பது, அடிப்படையில், பிர்ச் மரத்தின் மகரந்த ஒவ்வாமை. பிரிட்டனில் மார்ச் இறுதியிலிருந்து மே வரை அந்த மகரந்தம் காற்றில் பறக்கும். ஹேசல் மரமும் பிர்ச் மரமும் ஒரே தாவரக் குடும்பம். பிர்ச் மகரந்தத்தில் உள்ள ஒரு புரதத்தைப் போலவே ஹேசல்நட்டிலும் ஒன்று உண்டு. ராஸ்பெரி, ஆப்பிள், செர்ரி, பீச் ஆகியவற்றிலும் உண்டு. மகரந்தத்தை எதிரியாகப் பார்த்துப் பழகிய உடம்பு, பழத்தில் அதன் சாயலைக் கண்டதும் வாயிலேயே சண்டையைத் தொடங்கிவிடுகிறது. இந்தப் புரதம் சூட்டைத் தாங்காது. வயிற்று அமிலத்தையும் தாங்காது. அதனால்தான் பெரும்பாலும் வாய் அரிப்போடு நின்றுவிடுகிறது, ஜாமாகக் காய்ச்சினால் அதுவும் இருப்பதில்லை.

அண்ணன் மகளுக்கு இருப்பது அதுவல்ல. ஹேசல்நட் ஒரு விதை. முளைத்து வரும் செடிக்கு உணவாகச் சேமித்து வைத்த புரதங்கள் அதில் நிறைய இருக்கின்றன. எங்கள் பரிசோதனைத் தாள்களில் கோர் ஏ 9, கோர் ஏ 14 என்று குறிப்பிடப்படுபவை அவைதான். அவை கட்டுக்கோப்பானவை, வறுத்தாலும் வெந்தாலும் எளிதில் குலைவதில்லை, வயிற்றைத் தாண்டியும் உருக்குலையாமல் போகக்கூடியவை. கடுமையான எதிர்வினைகளோடு அதிகம் தொடர்புடையவையும் இவைதான். இரத்தப் பரிசோதனையில் வெறும் 'ஹேசல்நட்' என்று ஒரே எண்ணைப் பார்த்துவிட்டுக் கூடுதல் குறைவு பேசுவதில் பயனில்லை. எந்தப் புரதத்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த எண் பெரிதாக இருந்தால் எதிர்வினையும் பெரிதாக இருக்கும் என்பதும் சரியல்ல. இதைச் சில சமயம் சக மருத்துவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக, ஒரே கேக்கின் ஒரே துண்டில் இரண்டு கதைகள் நடக்கின்றன. அதன் நடுவில் வெந்த ராஸ்பெரி ஜாம் அத்தையை ஒன்றும் செய்யாது. மேலே அலங்காரத்துக்கு வைத்த பச்சைப் பழம் அவருடைய அண்ணத்தை அரிக்கும். அதே துண்டில் இருக்கும் ஹேசல்நட், வெந்திருந்தாலும், அண்ணன் மகளின் மூச்சை நிறுத்தக்கூடும். மகரந்த வகை ஒவ்வாமை உள்ளவர்களில்கூடச் சிலருக்கு வறுத்த ஹேசல்நட் ஒத்துக்கொள்வதில்லை. ராஸ்பெரியைச் சமைத்துச் சாப்பிட்டாலும் எதிர்வினை வருகிற சிலரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வினை வேறொரு புரதத்தால். இதையெல்லாம் சமையலறையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. மற்றவர் உடம்பைப் பற்றிய தீர்ப்பை உங்கள் நாக்கை வைத்துச் சொல்லாதீர்கள் என்று மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

"180 டிகிரி" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஓவனுக்குள் இருக்கும் காற்றின் சூடு. ஈரம் உள்ளவரை கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது; குச்சி விட்டுப் பார்த்து வெளியே எடுக்கும்போது அநேகமாக 95, 98 என்றுதான் இருக்கும். முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்துச் செய்யும் ஹேசல்நட் மெராங்கு என்றால் நிலைமை இன்னும் மோசம். அதை நெடுநேரம் குறைந்த சூட்டில் உலர்த்துகிறோம், அவ்வளவுதான். அதற்குள் இருக்கும் பருப்புப் பொடி ஏதோ நெருப்பில் புடம்போட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பதற்கு ஆதாரமே இல்லை. கிருமியைக் கொல்வதும் புரதத்தை மாற்றுவதும் ஒன்றல்ல. சூடு கிருமியைக் கொல்லும். ஹேசல்நட்டின் புரதம் உயிரில்லாத பொருள். அதைக் கொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குவது. பாட்டிமார்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை, படித்த அப்பாக்களும் சொல்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு வேர்க்கடலையை முன்கூட்டியே கொடுத்தால் அதற்கான ஒவ்வாமை வருவது குறைகிறது என்று 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு காட்டியது உண்மை. அது ஒவ்வாமை வருவதற்கு முன்பு, வராமல் தடுப்பதற்கு. வந்துவிட்ட குழந்தைக்கு விரல்நுனியில் ஹேசல்நட் சாக்லேட்டைத் தொட்டுத் தடவிப் பார்ப்பது அதுவாகாது. படிப்படியாக அளவு கூட்டும் சிகிச்சை என்று ஒன்று உண்டு. அவசர மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மருத்துவமனையில் தொடங்குவது அது. வீட்டில் வேண்டாம். சென்ற முறை தடிப்பு மட்டும்தான் வந்தது, இந்த முறையும் அவ்வளவுதான் வரும் என்ற தைரியமும் வேண்டாம். ஆஸ்துமா உள்ள குழந்தை என்றால் இரட்டிப்பாக வேண்டாம்.

இனி சமையலறை. ராஸ்பெரியும் ஹேசல்நட்டும் சேர்ந்த இனிப்பு இந்த நாட்டில் கோடையின் அடையாளம். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர், ஆங்கஸ் பகுதிகளிலிருந்து ஜூன் முதல் ராஸ்பெரிப் பழங்கள் வரத் தொடங்கும். ஆகஸ்ட் இறுதியில் கென்ட் மாவட்டத்திலிருந்து பச்சை உறையோடு காப்நட் வரும். காப்நட்டும் ஹேசல்நட்தான், இது பலருக்குத் தெரிவதில்லை. பிரலைன், ஜாண்டூயா, நுட்டெல்லா, சில லின்சர் டோர்ட்டே வகைகள், டக்வாஸ் எல்லாவற்றிலும் ஹேசல்நட் இருக்கக்கூடும். செய்யுங்கள், மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள். இந்தப் பருப்புக்கு நான் எதிரி அல்ல. ஆனால் ஒவ்வாமை உள்ள குழந்தை வரும் நாளில் அந்த வீட்டில் அது வேண்டாம். "அவளுக்குத் தனியாக ஒன்று செய்துவிட்டேன்" என்பார்கள். எப்படிச் செய்தார்கள் என்று விசாரித்தால் வயிறு கலங்கும்.

ஹேசல்நட்டை வறுத்ததும் சூட்டோடு ஒரு துணியில் கொட்டி, மூட்டையாகப் பிடித்துத் தேய்த்துத் தோல் எடுப்பது வழக்கம். அந்தத் துணியை விரித்துப் பாருங்கள். பழுப்பு நிறச் சருகு நூலிழைகளுக்குள் செருகிக் கிடக்கும். உதறினால் பாதிதான் விழும். அதே துணியில் அடுத்த தட்டைத் துடைக்கிறோம். மிக்ஸியின் பிளேடுக்கு அடியில், ரப்பர் வளையத்தின் மடிப்பில், எண்ணெய்ப் பிசுக்கோடு பொடி ஒட்டியிருக்கும். பொடி சலித்த சல்லடையை ஒரு முறை நீரில் காட்டிவிட்டு, அதிலேயே ராஸ்பெரியை மசித்து விதை நீக்குகிறோம். அந்தச் சிவப்புச் சாறு "பருப்பில்லாத" கேக்கின்மேல் போகிறது. மேலே தூவிய பருப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுப்பவர்களைப் பற்றி எழுதவே கை வரவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமிநாசினி ஜெல் புரதத்தை அகற்றாது, இடம்தான் மாற்றும். பாத்திரங்களுக்கும் சூடான சோப்பு நீர்தான். ஒவ்வாமை உள்ள குழந்தைக்குரியதை முதலில் செய்து, மூடி, பெயர் எழுதி வைத்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். அதைவிட நல்லது, எல்லோருக்கும் பருப்பே இல்லாத ஒரே இனிப்பு. வறுத்துப் பொடித்த பூசணி விதை ஹேசல்நட் பொடிக்கு நல்ல மாற்று, ராஸ்பெரியின் புளிப்புக்கும் இசையும். சூரியகாந்தி விதையும் சரிதான். சமையல் சோடாவோடு சேர்ந்தால் கேக்கின் உள்ளே பச்சை நிறம் தட்டும், கெட்டுவிட்டது என்று எறிய வேண்டாம். எதுவானாலும் முதலில் பெற்றோரிடம் கேளுங்கள், விதைக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. ஹேசல்நட்டுக்குப் பதில் பாதாம் போடலாமா என்பதையும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒரு பருப்பு ஆகாதவர்களில் பலருக்கு இன்னொன்றும் ஆகாது. எது ஆகும் என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

கடையில் விற்கும் பொருளுக்குச் சட்டம் காவல் இருக்கிறது. ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்களை அடையாளம் காட்டியாக வேண்டும். கடையிலேயே முன்கூட்டிப் பொட்டலமிட்டு விற்பவற்றுக்கும் முழு உட்பொருள் பட்டியல் வேண்டும் என்பது 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயம். 2016-இல் எள் கலந்த ரொட்டியால் உயிரிழந்த நட்டாஷா என்ற பதின்வயதுப் பெண்ணின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் அது. அன்போடு சுட்டுக் கொண்டுவரும் கேக்குக்கு எந்த லேபிளும் இல்லை. ஆகவே நீங்களே எழுதி வையுங்கள்: என்னென்ன சேர்த்தீர்கள், எந்தப் பாக்கெட்டிலிருந்து எடுத்தீர்கள். வீட்டிலிருந்து தொடர்ந்து கேக் விற்கிறீர்களா? தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்பே உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வாமை விவரமும் தர வேண்டும். "தெரிந்தவர்களுக்குத்தானே விற்கிறேன்" என்பது பதிலாகாது.

பெற்றோருக்கு. அட்ரினலின் ஊசிகள் இரண்டு, எப்போதும் குழந்தையோடு. கைப்பையில், பள்ளிப்பையில், விழா மண்டபத்தில். அலமாரியில் அல்ல. காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். மூச்சுத் திணறல், குரல் மாற்றம், விடாத இருமல், துவண்டு போதல் இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் தொடையின் வெளிப்புறத்தில் ஊசி போடுங்கள், துணியின் மேலேயே போடலாம். தடிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையையோ சிரப்பையோ கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. ஊசி போட்டதும் இந்த நாட்டின் அவசர எண்ணான 999-ஐ அழைத்து "அனஃபிலாக்சிஸ்" (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) என்ற சொல்லைச் சொல்லுங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமம் என்றால் காலை நீட்டி உட்காரவையுங்கள். எழுப்பி நடக்கவிடாதீர்கள், கழிவறைக்குக்கூட. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும், சில மணி நேரம் கழித்து எதிர்வினை மீண்டும் வரக்கூடும்.

எங்களிடம் வரும்போது "ஏதோ கேக் சாப்பிட்டாள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். செய்முறை எழுதிய தாளையும் பொடி, சாக்லேட், ஜாம் பாக்கெட்டுகளின் படங்களையும் எடுத்து வாருங்கள். பழம் பச்சையா, காய்ச்சியதா, எத்தனை வாய் சாப்பிட்டாள், எத்தனை நிமிடத்தில் தொடங்கியது என்று அன்றே குறித்து வையுங்கள். முடிந்தால் கேக் செய்தவரையும் கூட்டி வாருங்கள். திட்டுவதற்காக அழைக்கவில்லை. ஹேசல்நட்டை எப்போது, எந்தப் பாத்திரத்தில் அரைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.