ஷூட்டிங்குக்கு முன்னால் 10 நிமிட ஃபுட்டேஜைத் திரை வரை கொண்டுபோய்ப் பாருங்கள்

பிக்சர் லாக், அதாவது வெட்டுகளை இனி மாற்றுவதில்லை என்று முடிவான மறுநாள். ப்ராக்ஸியில் (ஒரிஜினலின் சின்ன அளவுப் பிரதியில்) எடிட் செய்த டைம்லைனில் ஒரிஜினல் ஃபுட்டேஜை இணைத்து டிஐக்கு (நிறம் சரிசெய்யும் வேலைக்கு) அனுப்ப உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரிக் காட்சியில் அம்மா அழுகிற குளோசப் வரவேண்டிய இடத்தில், வாசற்படியில் கிடக்கும் செருப்பு வந்து நின்றது. அடுத்த வெட்டில் பேருந்து ஜன்னல். நீளமெல்லாம் சரியாக இருந்தது, ஷாட்தான் வேறு. இயக்குநர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியைத் திரைக்கு இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காரணம் மிகச் சின்னது. அந்தக் கேமரா, கார்டை ஃபார்மட் செய்யும்போதெல்லாம் சி0001 என்று மறுபடி முதலிலிருந்து பெயர் வைத்தது. 22 நாள் ஷூட்டிங்கில் அதே பெயரில் 40க்கும் மேற்பட்ட கிளிப்புகள். ப்ராக்ஸி தயாரித்தபோது டைம்கோடும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) ரீல் பெயரும் (எந்தக் கார்டு என்று காட்டும் பெயர்) விட்டுப்போயின. எந்த சி0001 எது என்று மென்பொருளுக்குத் தெரிய வழியே இல்லை. உதவி எடிட்டரும் நானும் ஆயிரத்துச் சொச்சம் வெட்டுகளையும் கண்ணால் பார்த்துப் பொருத்தினோம். 11 இரவுகள் போயின. கார்டு வாரியாக ஏ001, ஏ002 என்று ரீல் பெயர் கொடுத்து, ப்ராக்ஸியிலும் அதே பெயர், அதே டைம்கோடு இருக்கிறதா என்று முதல் நாளே ஒரு கிளிப்பைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

சின்ன பட்ஜெட் படங்களுக்கு வேலை செய்யும்போது திரும்பத் திரும்ப இதைத்தான் பார்க்கிறேன். எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று மாதக்கணக்கில் பேசுகிறார்கள். எடுத்தது எந்த வழியாகத் திரைக்குப் போகும் என்று ஒரு மாலை நேரம்கூட உட்கார்ந்து பேசுவதில்லை.

வழியைப் பின்னாலிருந்து போடுங்கள். தியேட்டருக்கு டிசிபி (தியேட்டர் புரொஜெக்டரில் ஓடும் டிஜிட்டல் படப் பிரதி) வேண்டும் என்றால் நொடிக்கு 24 ஃபிரேம்தான் பாதுகாப்பானது. பல கேமராக்களின் மெனுவில் 24 என்று தெரிவது உண்மையில் 23.976. வித்தியாசம் 0.1 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 2 மணி நேரப் படத்தில் அது 7 நொடிக்கு மேல். படத்தை ஒருவர் 24க்கு மாற்றி, ஒலியை இன்னொருவர் பழைய வேகத்திலேயே மிக்ஸ் செய்தால், கிளைமாக்ஸில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். அதனால் ஃபிரேம் ரேட்டை ஒளிப்பதிவாளர், எடிட்டர், ஒலி வடிவமைப்பாளர் மூவரும் முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். செல்போனில் எடுத்த ஷாட் கலந்தால் இன்னும் கவனம் வேண்டும், பல போன்களில் ஃபிரேம் ரேட் நிலையாக நிற்பதில்லை.

அப்புறம் ஸ்டோரேஜ். யூஎச்டி (3840×2160) அளவில் ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 318 ஜிபி. 40 மணி நேர ஃபுட்டேஜுக்கு 12.7 டிபி. அதையே 1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸியாக மாற்றினால் சுமார் 640 ஜிபி. சாதாரண லேப்டாப்பிலேயே எடிட் செய்யலாம். எச்.264 என்ற, மிகவும் சுருக்கிய வீடியோ ஃபைல் சின்னதுதானே, அப்படியே எடிட் பண்ணிவிடலாம் என்பார்கள். அதில் பெரும்பாலான ஃபிரேம்கள் பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும்தான். ஒவ்வொரு வெட்டிலும் கம்ப்யூட்டர் அதைக் கணக்குப் போட்டு வரைய வேண்டும், அதனால்தான் திணறுகிறது.

மென்பொருள் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. எடிட்டருக்குக் கை பழகியது எதுவோ அதுவே. ஆனால் எடிட்டும் டிஐயும் ஒரே மென்பொருளில் நடந்தால் எக்ஸ்எம்எல் (எடிட்டை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ஃபைல்) தொல்லை விட்டது. ஸ்பீடு மாற்றங்களும் பிளக்-இன் எஃபெக்டுகளும் எக்ஸ்எம்எல்லில் ஒழுங்காக வந்து சேருவது அரிது. இரண்டையும் செய்யும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே 3840×2160 வரை வெளியீடு தருகிறது. 2கே டிசிபி ஃப்ளாட் என்ற திரை வடிவத்தில் 1998×1080, அதைவிட அகலமான ஸ்கோப்பில் 2048×858 என்பதால் அது தாராளம்.

ஷூட்டிங் ஸ்பாட்டில் ஒரே ஒரு விதி: செக்சம் பார்த்த (ஒரிஜினலோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த) இரண்டு பிரதிகள் இரண்டு டிஸ்க்கில் இல்லாமல் எந்தக் கார்டையும் ஃபார்மட் செய்யக்கூடாது. மூன்றாவது பிரதி வேறொரு இடத்தில் இருக்கட்டும்.

இனி அந்தச் சோதனை. உங்கள் கேமரா, உங்கள் ஒலிப்பதிவுக் கருவி. 10 நிமிடம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு கிளாப், கடைசியில் ஒரு கிளாப். கார்டை ஃபார்மட் செய்து இன்னொரு கிளிப்பும் எடுங்கள். ஃபார்மட்டுக்கு முன்னால் பிரதி எடுப்பதும் சோதனையில் சேர்த்திதான். ப்ராக்ஸி போட்டு, நாலு வெட்டு வெட்டி, ஒரிஜினலை இணைத்து, கலர் பார்த்து, ஒலி வடிவமைப்பாளரிடம் ஏஏஎஃப் (டைம்லைனில் உள்ள ஒலியைக் கொண்டுபோகும் ஃபைல்) அனுப்பி மிக்ஸ் வாங்கி, டிசிபி ஓ மாட்டிக் போன்ற இலவச மென்பொருளில் டிசிபி செய்து ஒரு தியேட்டரில் போட்டுப் பாருங்கள். ஒலிக்காரரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், இந்தச் சோதனைக்கே அவர் வேண்டும்.

திரையில் முதல் கிளாப் சரியாக விழுந்ததும் எழுந்துவிடாதீர்கள். ஃபிரேம் ரேட் பிழை இருந்தால் 10 நிமிடத்தில் அது 0.6 நொடி, அதாவது சுமார் 14 ஃபிரேம். கடைசிக் கிளாப்பில்தான் அது காதில் விழும்.