எல்.கே.ஜி. நேர்காணலுக்குப் பல்லாங்குழி போதும்

பள்ளிச் சேர்க்கை நெருங்கினால் என்னிடம் வரும் பெற்றோர் பலருக்கும் ஒரே கவலைதான். "ஏ, பி, சி, டி எழுதவே மாட்டேங்கிறான் மேடம், கையில ஏதாவது பிரச்சினையா?" பையனுக்கு வயது மூன்றரை. ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவளாக, அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் நான் சொல்வது, எழுதும் வயது இன்னும் வரவில்லை என்பதுதான்.

மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் ஏறக்குறைய பாதிதான் இந்த வயதில் எக்ஸ்-ரேயில் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்பு. பார்த்து வரைவதில் மூன்று வயதில் வட்டம் வரும், நான்கை ஒட்டிக் கூட்டல் குறி, அப்புறம் சதுரம், ஐந்து வாக்கில்தான் முக்கோணம். சாய்கோடே வராத குழந்தை 'ஏ' எப்படி எழுதும்?

சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு. முதல்முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. ஆனாலும் 'சும்மா பேசிப் பார்க்கிறோம்' என்று நேர்காணல் நடக்கத்தான் செய்கிறது.

சரி, அதற்கு வீட்டில் என்ன செய்யலாம்? பல்லாங்குழியை எடுங்கள். இருபது வரை ஒப்பிக்கும் குழந்தையிடம் "அஞ்சு புளியங்கொட்டை கொடு" என்று கேட்டுப் பாருங்கள், கை நிறைய அள்ளித் தரும். குழிக்கு ஒன்றாகப் போடும்போதுதான் எண்ணிக்கை புரிகிறது. முழு ஆட்டமும் தெரிய வேண்டாம், போட்டுக்கொண்டே போனால் போதும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கொட்டையை எடுக்கின்றனவே, பின்னால் பென்சிலைப் பிடிக்கப் போவதும் அவைதான். வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது, அதனால் பக்கத்திலேயே உட்காருங்கள். சப்பாத்தி மாவு உருட்டுவதும், கொடியில் கிளிப் மாட்டுவதும் இதே வேலையைச் செய்யும்.

பேச்சுக்குக் காய்கறிக் கடையே நல்ல இடம். "அண்ணா, ரெண்டு தக்காளி" என்று குழந்தையே கேட்கட்டும். வீட்டில் குழந்தை டீச்சர், நீங்கள் மாணவர். நீங்கள் தப்பாகப் பதில் சொன்னால் அது உற்சாகமாகத் திருத்தும்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். மூன்றரை வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், நேர்காணல் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.