நிறப்பாகுபாடு: ஒரு சொல் விளக்கம்

போன மாதம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு வீட்டில் முப்பத்தொண்டுச் சடங்கு. பிறந்து 31 நாளான பெண் குழந்தையை எல்லோரும் கைமாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமி குழந்தையின் காது நுனியை மடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "முகம் இப்ப சிவப்பாத்தான் கிடக்கும். காதைப் பாருங்கோ, கறுப்பு. இந்த நிறம்தான் வரும். பெட்டைப்பிள்ளை, இப்பவே சீதனத்துக்குச் சேருங்கோ." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாய் ஒன்றும் பேசாமல் குழந்தையின் தொப்பியை இழுத்துக் காதை மூடிவிட்டார்.

அந்த மாமி செய்ததை ஆங்கிலத்தில் கலரிசம் என்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலிஸ் வாக்கர் 1982இல் ஒரு கட்டுரையில் பயன்படுத்திய பின் பரவிய சொல் இது. ஒரே இனத்தவர் தமக்குள்ளேயே, தோலின் நிறத்தை மட்டும் வைத்து ஒருவரை உயர்த்துவதும் இன்னொருவரைத் தாழ்த்துவதும் என்பது அதன் பொருள். இங்கே 'ஒரே இனத்தவர்' என்பதுதான் உயிர். தென்னாபிரிக்க ஆட்சியைப் பற்றி எழுதும்போது நம் பத்திரிகைகள் போட்ட 'நிறவெறி' ஆகவே இதற்குப் பொருந்தாது. 'இனவாத'மும் அல்ல. தாழ்த்துபவரும் தாழ்த்தப்படுபவரும் ஒரே முற்றத்தில் இருப்பவர்கள்.

சிலர் 'நிற வேற்றுமை' என்று எழுதுகிறார்கள். நிறத்தில் வேற்றுமை இருப்பது இயற்கை. அதை வைத்து ஆளைப் பிரிப்பதுதான் பிழை. 'பாகுபாடு' என்பது 'பகு' என்ற வேரிலிருந்து வருவது, பிரிப்பதைச் சொல்வது. எனவே நிறப்பாகுபாடு என்பதையே நான் எழுதுவேன்.

ஆனால் நம் பேச்சில் 'நிறம்' என்ற சொல்லே பக்கம் சாய்ந்துவிட்டது. "பெட்டை நல்ல நிறம்" என்றால் வெள்ளை என்றுதான் விளங்கிக்கொள்கிறோம், கறுப்பு ஒரு நிறமே இல்லை என்பதுபோல. கொஞ்சம் குறைந்தால் பொதுநிறம். பள்ளிக்கூடத்தில் ஒரு பொடியனுக்கு 'கறுவல்' என்று பட்டம் வைத்தால் அவன் சொந்தப் பெயர் காணாமற்போகும். கலியாணப் பேச்சில் சாதகத்துக்கும் முன்னால் படம் போகிறது; அந்தப் படமும் ஸ்டூடியோவில் வெளுக்கப்பட்டுத்தான் போகிறது.

வெயிலில் தோட்டம் கொத்தியவரும் கடலுக்குப் போனவரும் கறுத்தார்கள், திண்ணையில் இருந்தவர் கறுக்கவில்லை. நிறத்தைச் சொல்லிச் சாதியைக் குறிப்பால் உணர்த்தும் பேச்சு இன்னும் ஊரில் உண்டு. 1619 முதல் 1948 வரை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வெள்ளையர் அடுத்தடுத்து யாழ்ப்பாணத்தை ஆண்டதும் இதை இறுக்கியிருக்கும்.

பழந்தமிழ் வேறு மாதிரி. 'மாமை' என்றால் கருமை, மாந்தளிரின் நிறம். அழகு என்றும் பொருள். குறுந்தொகை 27இல் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் 'மாமைக் கவினை'ப் பசலை தின்னப்போகிறதே என்று வருந்துகிறாள். பசலை என்பது பிரிவில் மேனி வெளிறும் நோய்.

இன்று வெளிறத்தான் காசு கொடுக்கிறோம். 1975இல் இந்தியாவில் வந்த 'ஃபெயார் அண்ட் லவ்லி' கிறீம், 2020இல் வெள்ளை நிறத்தைச் சொல்லும் 'ஃபெயார்' என்பதை எடுத்துவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. எனக்கு அதைவிடப் பயம், என்ன கலந்தது என்றே எழுதாமல் விற்கும் டப்பாக் கிறீம்களில். இப்படியான வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோலுக்குக் கருநிறம் கொடுக்கும் மெலனின் உண்டாவதை அது தடுக்கும். உள்ளே ஏறிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மெலனினோ வெயிலிலிருந்து நம்மைக் காப்பது.

அழகுக்கு யாழ்ப்பாணத்தில் நாம் வைத்திருக்கும் சொல் 'வடிவு'. உருவம், அமைப்பு என்பதே அதன் அடிப்பொருள். நிறம் அதற்குள் இல்லவே இல்லை. ஆனாலும் "கறுப்பெண்டாலும் வடிவு" என்கிறோம். அந்த 'எண்டாலும்' இல்லாமல், ஒரு கறுத்தப் பெட்டையை வடிவென்று ஒருவர் சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு.