கொலுப்படியும் மேலே பார்க்கும் பல்லும்

சென்ற ஆண்டு நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து கொலுப்படிக்கு ஒட்டுப்பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கும் இரும்புப் படிகள் அலுத்துவிட்டன. பக்கப் பலகைகளில் கோலத்து நெளிவு போல ஒரு வளைவு வரவேண்டும் என்று ஆசை. அதற்காகவே ஜிக்சா இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தேன்; மேலும் கீழும் ஓடும் மெல்லிய பிளேடால் வளைவாக அறுக்கும் கைக்கருவி அது. பென்சில் கோட்டின் மேலேயே பிளேடு அழகாகத்தான் போனது. அறுத்து முடித்துத் தூளைத் தட்டினால், கோட்டின் இருபுறமும் எலி கொறித்ததுபோலச் சிம்பு சிம்பாகப் பிய்ந்திருந்தது. எரிச்சலில் பலகையைப் புரட்டிப் போட்டேன். யாரும் பார்க்கப்போகாத அந்தப் பின்பக்கம் இழைப்புளி போட்டதுபோல வழவழவென்று இருந்தது.

எதிர்வீட்டில் கதவு வேலை செய்துகொண்டிருந்த ஆசாரி எட்டிப் பார்த்தார். "நல்ல முகத்தை மேலே வைத்தா அறுத்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பிளேடைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதன் பற்கள் அத்தனையும் மேலே, இயந்திரத்தைப் பார்த்து இருந்தன.

இயந்திரத்தோடு வரும் சிறுபுத்தகத்தில் பக்கம் பக்கமாக எச்சரிக்கைகள் இருக்கும். படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது, எனக்கும் இல்லை. ஆனால் அவற்றில் பாதிக்குமேல், பல் மேலே பார்க்கிறது என்ற ஒரே சங்கதியிலிருந்து கிளைத்தவை.

ஜிக்சாவின் பூர்வீகம் தையல் மிஷின். சுவிட்சர்லாந்தில் சின்டில்லா என்ற நிறுவனத்தின் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன், 1946-இல் மனைவியின் தையல் மிஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரம்பப் பிளேடைப் பொருத்திப் பார்த்தார். அடுத்த ஆண்டே அது கையில் பிடித்து வேலை செய்யும் கருவியாக விற்பனைக்கு வந்தது. அந்த அம்மையார் என்ன சொன்னார் என்பதுதான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

உள்ளே நடப்பதும் தையல் மிஷினில் நடப்பதுதான். மோட்டார் சுற்றுகிறது, பல்சக்கரம் அந்த வேகத்தைக் குறைக்கிறது. சக்கரத்தின் மையத்தைவிட்டு விலகி ஒரு சிறு முளை நிற்கிறது. அது ஒரு தண்டின் குறுக்கே வெட்டிய காடிக்குள் ஓடுகிறது. தண்டு பக்கவாட்டில் அசைய முடியாதபடி கட்டுப்பட்டிருப்பதால், முளையின் வட்ட ஓட்டத்தில் மேலும் கீழுமான பங்கு மட்டுமே அதற்குக் கிடைக்கிறது. தண்டின் நுனியில் பிளேடு.

கேட்கச் சாதுவாக இருக்கிறது. கணக்குப் போட்டால் அப்படி இல்லை. நிமிடத்துக்கு 3000 முறை, ஒவ்வொரு முறையும் 20 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 50 தடவை பிளேடு ஏறி இறங்குகிறது. நடுவழியில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர். இரு முனைகளிலும் சுழியம். சுழியத்துக்கும் 3 மீட்டருக்கும் இடையே விநாடிக்கு நூறு தடவை மாறவேண்டுமானால், முனைகளில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 100 மடங்கு. கை மரத்துப்போகும் அதிர்வு இதிலிருந்து வருகிறது. நல்ல இயந்திரங்களில் எதிர்த்திசையில் அசையும் ஒரு எடையை வைத்து அதிர்வை ஓரளவு தணிக்கிறார்கள்.

இப்போது பல்லுக்கு வருவோம். பிளேடு மேலே ஏறும்போது மட்டும்தான் வெட்டுகிறது. இறங்குவது வெறும் பயணம். ஏறும் பல், பலகையின் அடிப்பக்க நாரை மரத்துக்குள்ளேயே தள்ளுகிறது. தாங்கிக்கொள்ள மேலே முழுப் பலகை இருப்பதால் நார் சுத்தமாக அறுபடுகிறது. அதே பல் மேல்முகத்தில் வெளியே வரும்போது நாரை அடக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. அது அறுபடுவதற்கு முன் பிய்ந்து எழும்புகிறது. ஆகவே நல்ல முகம் கீழே இருக்கவேண்டும். புரட்ட வழியில்லையென்றால் கோட்டின் மேல் மாஸ்க்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, அதன்மேல் அறுக்கலாம். பற்கள் கீழே பார்க்கும் பிளேடுகளும் விற்கின்றன. மேல்முகம் சுத்தமாக வரும்; ஆனால் ஒவ்வொரு வெட்டும் இயந்திரத்தைப் பலகையிலிருந்து மேலே தள்ளப் பார்க்கும். புதிதாகப் பழகுகிறவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மேலே பார்க்கும் பல் வெட்டும்போது பலகையை இயந்திரத்தின் அடித்தட்டோடு சேர்த்து இழுக்கிறது. இது நமக்குச் சாதகம், தட்டு பலகையில் ஒட்டியிருக்கும்வரை. இயந்திரத்தைச் சற்றே தூக்கிப் பிடித்தால் நடுவில் இடைவெளி விழுகிறது; விநாடிக்கு 50 தடவை பலகையும் தட்டும் மோதிக்கொள்கின்றன. மெல்லிய பலகையின் ஓரம் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே கூத்துதான். அது பிளேடோடு சேர்ந்து துள்ளுகிறது. கோட்டுக்குப் பக்கத்திலேயே தாங்கல் கொடுத்து, இரண்டு சி கிளாம்ப் (திருகி இறுக்கும் C வடிவ இரும்புப் பிடி) போட்டு முறுக்கிவிட்டால் ஓசையே மாறிவிடும். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். மிதிக்கிற கால் எவ்வளவு பலமானதானாலும் கிளாம்ப் ஆகாது. அது பிளேடின் பாதையிலும் இருக்கிறது.

நான் செய்த பெரிய தவறு வேறு. பலகையை மணையின் மேல் வைத்து அறுத்தேன். பிளேடு பலகைக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று யோசிக்கவில்லை. நுனி சிமெண்டுத் தரையில் இடித்தது. அவ்வளவுதான், இயந்திரம் முழுவதும் கையிலிருந்து எம்பியது, பிளேடு கொக்கி போல வளைந்தது. நல்லவேளையாக வேறொன்றும் ஆகவில்லை. பிளேடு குட்டையாக இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. ஏறும்போது நுனி மரத்துக்குள் மறைந்துவிட்டால், இறங்கும்போது அது மரத்தையே குத்தி இயந்திரத்தைத் தூக்கிவிடும். ஆகவே மேலேறிய நிலையிலும் நுனி பலகைக்குக் கீழே தெரியவேண்டும். அதற்குக் கீழே ஒரு சாண் வெற்றிடம் வேண்டும். விரல் போவதும் அங்கேதான். துண்டு கீழே விழுந்துவிடுமே என்று இடக்கை தானாகப் பலகையின் அடிக்குப் போகும். மேலே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு, பிளேடின் அந்தப் பாதி தெரிவதில்லை.

தென்னை ஈர்க்கு ஒன்றை நுனிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், விறைப்பாக நிற்கும். அடியில் பிடித்து நுனியைத் தொட்டால் துவளும். ஜிக்சா பிளேடும் ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட ஈர்க்குதான். அதே விசைக்கு, நீளம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்கு. தடித்த மரத்தில், இறுக்கமான வளைவில், அவசரமாகத் தள்ளும்போது மேலே கோட்டில் போகும் பிளேடு கீழே சாய்ந்து ஓடுவது இதனால்தான். தள்ளாமல் பிளேடின் போக்குக்கு விட்டுக் கூடவே போகவேண்டும். வளைவுக்கு அகலம் குறைந்த பிளேடு, நேர்கோட்டுக்கு அகலமானது. பலகையின் கனத்துக்குள் எப்போதும் மூன்று பற்களாவது இருக்கவேண்டும் என்பது கைக்கணக்கு: 12 மி.மீ. ஒட்டுப்பலகைக்குப் பல்லுக்குப் பல் 4 மி.மீ. இடைவெளி வரை சரி. பக்கத்தில் உள்ள 0 முதல் 3 வரையான திருகு, பிளேடு ஏறும்போது அதைச் சற்று முன்னே தள்ளும் ஊசலாட்டத்துக்கானது. வேகம் கூடும், சிம்பும் கூடும். கொலுப்படிக்கு 0 போதும்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வேலைக்கு வேறு கவலைகள் சேர்ந்துகொள்கின்றன. பச்சை மரமும் ஈரம் குடித்த பலகையும் அறுத்த வாயை மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். கவ்வினால் பிடுங்காமல் முதலில் சுவிட்சை விடவேண்டும். இயந்திரத்தின் உடலில் சதுரத்துக்குள் சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். மின்சாரம் உடலுக்கு வராமல் தடுக்கும் இரட்டைக் காப்பு என்று பொருள். எர்த் கம்பி இல்லாத இரு முனை பிளக் அதனால்தான். ஆனால் அந்தச் சதுரம் உள்ளே போகும் தண்ணீரைத் தடுக்காது. மின்சாரம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும், வீட்டில் உள்ள 16 ஆம்பியர் எம்சிபி வயரைக் காப்பாற்றுவதற்கானது; ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் சிறு பங்கே போதும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்தால்தான் மழைக்காலத்தில் நான் பிளக்கைச் செருகுவேன், அதுவும் காய்ந்த தரையில்.

மழையோடு மின்வெட்டும் வரும். சுவிட்சை விட்டாலும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்யும் பூட்டுப் பொத்தான் ஒன்று அதன் பக்கத்தில் உண்டு. அதை அழுத்தியிருந்தால், கரண்ட் போனதும் இயந்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போவோம். கரண்ட் வரும்போது அது யாரும் பிடிக்காமலேயே கூடத்தில் ஓடும். அந்தப் பொத்தானை நான் தொடுவதே இல்லை.

சாரலுக்காகக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே அறுப்பதும் வேண்டாம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. வாயில் கட்டும் துண்டு தும்மலைக் குறைக்கும், நுண்தூளைத் தடுக்காது. என்95 முகக்கவசம், கண்ணாடி, மடித்துக் கட்டாத வேட்டிக்குப் பதில் கால்சட்டை. வயரைத் தோளுக்குமேல் பின்னால் போட்டுக்கொண்டால் பிளேடின் முன் வராது.

இந்த ஆண்டு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். பலகையைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் கோடு வரைந்து, கிளாம்ப் போட்டு, மேல்படியின் உச்சிக்கு ஒரு வலம்புரிச் சங்கு அறுத்தேன். ஒரு சிம்பு இல்லை. திருப்பி நிறுத்தினேன். இடம்புரியாக இருந்தது.