பச்சையாக வெளியே வந்து நீலமாகும் சட்டை

சாயத்தொட்டியிலிருந்து தூக்கும்போது அந்த டெனிம் சட்டை நீலமாகவே இருக்காது. கீரையைக் கசக்கிப் பிழிந்த தண்ணீர் மாதிரி மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். பிடித்துக்கொண்டே நின்றால், காற்று படும் இடமெல்லாம் கண்ணெதிரே நீலமாகிவிடும். மடிப்புக்குள் மட்டும் கொஞ்ச நேரம் பச்சை ஒளிந்திருக்கும்.

ஜப்பானில் இந்த நீலச் சாயமேற்றும் முறைக்கு ஐசோமே என்று பெயர். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: இண்டிகோ என்கிற நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத தூளில் துணியை எத்தனை நாள் ஊறவைத்தாலும் மேலே ஒட்டி, அலசினால் போய்விடும். அதனால் முதலில் நீலத்தை நீலமில்லாமல் ஆக்க வேண்டும். மூலக்கூறுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்தால் அது நிறம் வெளிறி, காரத் (அல்கலி) தண்ணீரில் கரைந்து, நூலுக்குள் புகுந்துவிடும். வெளியே எடுத்ததும் ஆக்சிஜன் பட்டு, உள்ளேயே பழையபடி கரையாத நீலமாகி மாட்டிக்கொள்ளும்.

எலக்ட்ரானைக் கொடுப்பது யார்? சாய ஆலைகளில் ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம். பழைய ஜப்பானிய முறையிலோ பாக்டீரியா.

ஷிகோகு தீவிலுள்ள தொகுஷிமாதான் இதற்குப் பேர்போன ஊர். அங்கே வளரும் நீலச்செடிக்கும் நம் அவுரிக்கும் உறவில்லை, குடும்பமே வேறு. ஆனால் இரண்டின் இலையிலும் இருப்பது நீலத்தின் மூலப்பொருளான இண்டிகன்தான். நம் பக்கம் இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்துக் கலக்கி, படிந்த நீலத்தைக் கட்டியாக்குவார்கள். அங்கே காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, சில நாளுக்கொரு தடவை புரட்டிப்போட்டு, சுமார் 100 நாள் மக்கவைக்கிறார்கள். குவியலின் உள்சூடு 60 டிகிரியைத் தாண்டும், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். கடைசியில் கிடைப்பது சுகுமோ, பார்ப்பதற்கு எரு மாதிரியே இருக்கும்.

இந்த சுகுமோவை மரச்சாம்பல் தெளிநீரில் கரைத்து, சுண்ணாம்பும் கோதுமைத் தவிடும் சேர்ப்பார்கள், சிலர் கொஞ்சம் சாக்கே மதுவும் ஊற்றுவார்கள். தவிடும் மதுவும் துணிக்கல்ல, பாக்டீரியாவுக்கான சாப்பாடு. பிஎச் 10, 11 என்று மற்ற நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிக்காத காரத்தில் இவை சுகமாக வாழும். ஒரு வாரம், பத்து நாளில் மேலே நீலநுரை பொங்கினால் தொட்டி தயார். அந்த நுரையை நீலப்பூ என்கிறார்கள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தே காரத்தைச் சொல்லிவிடும் கைகாரர்கள் உண்டு. நீங்கள் முயன்று பார்க்க வேண்டாம். நம் தென்னிந்தியத் தொட்டிகளிலும் இதே வேலைதான் நடந்தது, அங்கே தவிடு என்றால் இங்கே தகரை விதை.

முக்கும்போது குமிழி வரக்கூடாது, காற்று உள்ளே புகுந்தால் தொட்டிக்குள்ளேயே நீலமாகி வீணாகும். ஒரு தடவை முக்கினால் வெளிர்நீலம்தான் கிடைக்கும். அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் காமேநொசோகி, அதாவது தொட்டியை எட்டிப் பார்த்தது! அடர்நீலம் வேண்டுமென்றால் முக்கி, பிழிந்து, காற்றாட விட்டு, மறுபடி முக்கி என்று பல தடவை. நடுவில் தொட்டிக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும், பாக்டீரியா களைத்துவிடும்.

ஆலை டெனிமில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும் சாயம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை, அதனால்தான் உள்பக்கம் வெளிறியிருக்கும். தைத்து முடித்த வெள்ளைச் சட்டையை முழுசாக முக்கினால் இரண்டு பக்கமும் நீலம். ஆனால் பாலியெஸ்டர் நூலால் தைத்திருந்தால் தையல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும், அதில் இண்டிகோ ஒழுங்காகப் பிடிக்காது.

இயற்கைச் சாயம் என்றால் மூலக்கூறே வேறு என்று சிலர் சொல்வது சரியில்லை. 1897இல் ஜெர்மனியில் பிஏஎஸ்எஃப் (BASF) நிறுவனம் விற்க ஆரம்பித்த செயற்கை இண்டிகோவும் அதே மூலக்கூறுதான். சுகுமோவில் கூடவே வேறு நிறப்பொருள்களும் கொஞ்சம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுமே நூலோடு பிணைப்புப் போடுவதில்லை, உள்ளே சும்மா சிக்கிக்கொண்டிருப்பவை. அதனால் உரசினால் உதிரும். புதுச் சட்டையை முதல் சில தடவை தனியாக அலசுங்கள். நான் அலசாமல் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன், வெள்ளை வேட்டியின் இடுப்பு மடிப்பில் இன்னமும் அந்த நீலம் இருக்கிறது.