எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: தினமும் வாந்தி எடுப்பது சாதாரணம் இல்லை

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா வாந்தி வரத்தானே செய்யும், அப்படித்தானே எடை குறையும்?" இதை இன்னொருவர் என் எதிரில் உட்கார்ந்து சொன்னால் பொறுமையாகப் பதில் சொல்வேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அண்மையில் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை) முடிந்து மூன்றாவது மாதம். பல வாரங்களாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. கடைசிச் சில நாட்களாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. வீட்டில் யாருக்கும் பதற்றம் இல்லை. எடை மளமளவென்று இறங்குகிறதே என்று சந்தோஷம்தான். அவரைக் கூட்டி வந்த காரணமும் வாந்தி இல்லை. நடந்தால் தள்ளாடுகிறார், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார்கள்.

நான் உணவியல் நிபுணர். கத்தி பிடிப்பது என் வேலை இல்லை, அதற்குப் பிறகு வருகிற ஆண்டுகள் என் வேலை. அதனால் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். இந்த அறுவை சிகிச்சை வாந்தியால் எடையைக் குறைப்பதில்லை. இரைப்பை சிறிதாகிறது, பசியையும் நிறைவையும் சொல்லும் ஹார்மோன்கள் மாறுகின்றன, கொஞ்சம் சாப்பிட்டாலே போதும் என்று ஆகிறது. அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் உள்ளே தங்கியாக வேண்டும். தங்காமல் வெளியே வந்தால் குறைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் கரைகிறது. எடைக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முள் கீழே போகிறது என்பதற்காக எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைக்காதீர்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவருக்குச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை. எங்கோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

தயாமின் என்கிற பி1 வைட்டமின் நம் உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் கையிருப்பு இருக்காது. தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படும். தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பமான பேச்சு எல்லாம் அதனால்தான். அந்தப் பெண்ணுக்குத் தயாமினை ஊசி வழியாக ஏற்றினார்கள். எண்டோஸ்கோபி செய்து பார்த்தால், இரைப்பைப் பையையும் குடலையும் இணைத்த இடம் சுருங்கிப் போயிருந்தது. பலூன் வைத்து விரித்ததும் சாப்பாடு இறங்க ஆரம்பித்துவிட்டது. பார்வை தெளிந்துவிட்டது, நடை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. (அவசரப் பிரிவில் இருக்கும் நண்பர்களுக்கு: இப்படி வாந்தியோடு வருபவருக்குத் தயாமின் கொடுக்காமல் நேரே குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிடாதீர்கள்.)

சரி, ஒரு தடவைகூட வாந்தியே வரக்கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. முதல் சில வாரங்களில், அவசரமாக விழுங்கிய நாளில், ஒரு வாய் கூடுதலாகப் போன நாளில் வரும். ஏன் வந்தது என்று உங்களுக்கே தெரியும், அடுத்த வேளை திருத்திக்கொள்வீர்கள். அது வேறு. வாரத்தில் பல நாள் வந்தால், காரணம் புரியாமல் வந்தால், நாளுக்கு நாள் மோசமானால் எங்களிடம் வர வேண்டும். முதலில் கெட்டியான உணவு நின்றது, பிறகு குழைத்த உணவும் நின்றது, இப்போது தண்ணீரும் இறங்கவில்லை என்றால் பாதை சுருங்குகிறதோ என்று பார்த்தாக வேண்டும். பைபாஸுக்குப் பிறகு பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் இது தலைகாட்டும். தண்ணீர் ஒரு நாள் முழுக்கத் தங்கவில்லையா? காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனை.

இப்படி ஆபத்தாக முடிபவர்கள் கொஞ்சம் பேர்தான். என்னிடம் வருகிற மற்றவர்களின் கதை வேறு: "எனக்கு எதுவுமே ஒத்துக்கவில்லை." எதைச் சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்பதற்கு முன் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்பேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஐந்து நிமிடத்தில், நின்றுகொண்டே, போனைப் பார்த்தபடி சாப்பிடுகிற பழக்கத்தை ஆபரேஷன் வெட்டி எடுத்துவிடவில்லையே. பட்டாணி அளவு வாய், கூழாகும்வரை மெல்லுதல், ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிடம். வாயில் இருப்பது இறங்கும்வரை கரண்டியைக் கீழே வையுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி நேரம் போகட்டும். அதற்காக நாள் முழுக்கத் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். ஒன்றரை லிட்டராவது வாய் வாயாகக் குடித்து முடிக்க வேண்டும்.

வயிறு நிறைந்ததை உடல் முன்பு போலச் சொல்லாது. நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு அழுத்தம் வரும். சிலருக்கு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர், சிலருக்குத் தும்மல். உங்களுக்கு எது வருகிறது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அது வந்த நொடியில் நிறுத்துங்கள். தட்டில் மிச்சமிருக்கிறதே என்று அந்தக் கடைசி வாயைப் போடுகிறீர்களே, பெரும்பாலும் வாந்தியாக வருவது அந்த வாய்தான்.

அடைத்துக்கொண்டதா? எச்சில் நுரைநுரையாகப் பொங்கி வரும், பயமாக இருக்கும். தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று தயவுசெய்து முயலாதீர்கள். மேலே சேர்ந்து இன்னும் அழுத்தும். எழுந்து மெதுவாக நடங்கள், எச்சிலை விழுங்காமல் துப்புங்கள், பெரும்பாலும் தானாக இறங்கும். அப்புறம் அன்றைக்குத் திரவ உணவு மட்டும், மறுநாள் மிருதுவானது, அதற்கு அடுத்த நாள் வழக்கமானது. மணிக்கணக்கில் இறங்கவில்லை என்றால், மூச்சுத் திணறினால், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

உணவு வகைகளில் அதிகம் தகராறு செய்வது காய்ந்த, நார்நாரான இறைச்சி. சூடுபடுத்தி மீண்டும் சூடுபடுத்திய கோழியும் அப்படித்தான். மாவாகப் பிசைபடும் ரொட்டி, குழைந்து ஒட்டும் சோறு, நார்க் காய்கள், தோலோடு பழங்கள். பால் சிலருக்கு வாயுவும் வயிற்றுப்போக்கும் தரும். அவர்களுக்கே தயிர் சரியாக இருக்கும். இனிப்பு தனிக் கதை, முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு. சாப்பிட்ட பத்து முப்பது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், கழிவறைக்கு ஓட்டம் என்றால் அதுதான் டம்பிங். இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும்: சர்க்கரை சட்டென்று இறங்கி நடுக்கம், மயக்கம். அதைச் சமாளிக்க இனிப்பை அள்ளிப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் திரும்ப வரும். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள், பின்னாலேயே புரதம் சாப்பிடுங்கள். அடிக்கடி வந்தால், வண்டி ஓட்டுபவராக வேறு இருந்தால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு தடவை ஒத்துக்கவில்லை என்று முட்டையை வாழ்நாள் முழுக்கத் தள்ளி வைத்தவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் இறைச்சியை, பருப்பை, காயை. கடைசியில் என்ன மிஞ்சுகிறது? பிஸ்கட், ஐஸ்கிரீம், சிப்ஸ். இவை கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், ஒருநாளும் அடைக்காது. "இது மட்டும்தான் எனக்கு ஒத்துக்குது" என்பார்கள். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவைப்படும் உடம்புக்குப் பாதிகூடப் போகாது. முடி கொட்டும், களைப்பு வரும், சில வருடங்களில் எடையும் திரும்பி வந்துவிடும். ஒரு உணவு ஒத்துக்கவில்லை என்றால் சில வாரம் விட்டுவிட்டு, வேறு பக்குவத்தில், இரண்டு கரண்டி மட்டும் மறுபடி முயலுங்கள். ஒரு நாளில் ஒரே ஒரு புது உணவு. என்ன, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில், பிறகு என்ன ஆனது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் என் வேலை பாதி குறையும். வைட்டமின் மாத்திரை குமட்டினால் நேரத்தை மாற்றலாம், வேறு வடிவத்தில் கிடைக்குமா என்று கேட்கலாம். நீங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடேன்" என்று வற்புறுத்தாதீர்கள். குளியலறையில் வாந்திச் சத்தம் தொடர்ந்து கேட்டால் கேட்காதது போலவும் இருந்துவிடாதீர்கள். திட்டுவார்களோ என்ற பயத்தில் வராமல் இருப்பவர்கள் நிறைய. அவர்களை நீங்கள்தான் கூட்டி வர வேண்டும். திட்ட மாட்டேன். முணுமுணுப்பேன், அவ்வளவுதான்.

சாப்பாட்டோடு வலி சேர்ந்தால் என் கையில் இல்லை, மருத்துவர் பார்க்க வேண்டும். மேல்வயிறு எரிந்து குத்தினால் புண்ணாக இருக்கலாம்; பைபாஸ் செய்தவர்கள் மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது, புகைக்கவும் கூடாது. எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலித்தால் பித்தப்பைக் கல்லா என்று பார்ப்பார்கள். எடை வேகமாகக் குறையும்போது அது வருவது வழக்கம். ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன்) செய்தவருக்கு இரவில் படுத்தால் புளித்து மேலே வருகிறது என்றால் அதற்கும் மருந்து உண்டு. பைபாஸ் முடிந்து பல வருடம் ஆனபின்கூட வயிறு திடீரென்று முறுக்கிப் பிசைந்து வலித்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். வாயு என்று நினைத்து விடியும்வரை படுத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய், எந்த ஆபரேஷன், எந்த வருடம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.